காண்ட்ராக்ட் ஆட்கள் தனி

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ரப்பர் பாகங்கள் செய்கிறோம். அமெரிக்கா வரியைக் கூட்டியதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது. முதலாளி வியட்நாமில் இடம் பார்த்துவிட்டார் என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் கம்பெனியில் 140 பேர் வேலை செய்கிறோம், காண்ட்ராக்ட் ஆட்கள் தனி. 2016-இல் டிரம்ப் பதவி ஏற்கும் முன்பே ஒரே ஒரு போன் போட்டு, ஏ.சி. செய்கிற கேரியர் கம்பெனியை மெக்ஸிகோவுக்குப் போகவிடாமல் நிறுத்தினார் என்று படித்தேன். நம் அரசியல்வாதிகளுக்கு அந்தத் துணிச்சல் ஏன் இல்லை? ஃபோர்டு போனபோது யாரும் தடுக்கவில்லையே? எம்.பி.யிடம் மனு கொடுத்தால் பலன் இருக்குமா?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆரப்பாளையத்தில் ஒரு துட்டிக்குப் போயிருந்தேன். பந்தலில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் பழைய மில்காரர்கள். செத்தவரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு மிச்ச நேரமெல்லாம் மில்லைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தத் தலைவர் வந்தார், யார் சொல்லி இன்னும் கொஞ்ச காலம் ஓடியது, யார் காலை வாரிவிட்டார்கள். யாராவது ஒரு பெரிய மனுஷன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மில் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். நீங்களும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கேரியர் கதையில் நீங்கள் படித்தது பாதி. 2016 பிப்ரவரியில், இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபொலிஸ் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து, வேலை மெக்ஸிகோவின் மான்டெர்ரே நகரத்துக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். சுமார் 1,400 பேர். யாரோ அதை செல்போனில் பிடித்துவிட, நாடெல்லாம் பரவி, தேர்தல் மேடைக்கு வந்துவிட்டது. டிரம்ப் ஜெயித்தார். துணை அதிபராகத் தேர்வாகியிருந்த மைக் பென்ஸ் அப்போது அந்த இண்டியானாவுக்கே ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி. பத்து வருஷத்தில் 70 லட்சம் டாலர் அளவுக்கு மாநிலச் சலுகை என்று பேசி முடித்தார்கள். கேரியரின் அப்போதைய தாய் நிறுவனமான யுனைடெட் டெக்னாலஜிஸ், ராணுவ விமானங்களுக்கு எஞ்சின் செய்து அரசாங்கத்துக்கு விற்றுவந்த கம்பெனி. வாஷிங்டனைப் பகைத்துக்கொண்டு அவர்களால் தொழில் நடத்த முடியுமா? இதில் துணிச்சல் எங்கே வந்தது? பிடி இருந்தது, பிடித்தார்கள்.

டிசம்பர் 1-ஆம் தேதி டிரம்ப் ஆலைக்கே போய் 1,100 வேலைகளைக் காப்பாற்றிவிட்டதாக மார்தட்டினார். அங்கே எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 1999-ஆம் எண் கிளைக்குத் தலைவர் சக் ஜோன்ஸ். அந்த மனுஷன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். ஆலையில் மிஞ்சுவது சுமார் 800. மீதி முந்நூறு சொச்சம் தலைமையக, ஆராய்ச்சிப் பிரிவு வேலைகள். அவை மெக்ஸிகோவுக்குப் போவதாக யாரும் எப்போதும் சொன்னதில்லை. போகாத வேலையைப் போகவிடாமல் தடுத்ததாகக் கணக்கு! தன் சங்கத்தில் 550 பேருக்கு வேலை போகிறது என்று ஜோன்ஸ் வெளியே சொன்னார். அவரைப் பெயர் சொல்லி ட்விட்டரில் திட்டினார் டிரம்ப். அதே தாய் நிறுவனத்தின் ஹண்டிங்டன் ஆலையிலிருந்து 700 வேலைகள் மெக்ஸிகோவுக்குப் போயின. அதே நகரத்தில், அதே சங்கக் கிளையைச் சேர்ந்த ரெக்ஸ்நார்டு பேரிங் ஆலையும் மான்டெர்ரேக்கே போனது. அங்கெல்லாம் யாரும் கேமராவோடு போகவில்லை.

ஃபோர்டு 2021-இல் அறிவித்துவிட்டு 2022-இல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. 2024-இல் முதல்வர் அமெரிக்கா போய்ப் பேசிய பிறகு, ஏற்றுமதிக்காக அந்த ஆலையைத் திரும்பப் பயன்படுத்துவதாகக் கடிதம் கொடுத்தது. யார் விட்டார்கள், யார் மீட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஆர்வமில்லை.

எனக்கு உறுத்துவது உங்கள் கடிதத்தின் ஒரு வரி. "140 பேர் வேலை செய்கிறோம், காண்ட்ராக்ட் ஆட்கள் தனி." எப்படித் தம்பி தனி? அதே பிரஸ்ஸில் அதே சூட்டில்தானே அவர்களும் நிற்கிறார்கள்? பிசிறு வெட்டுகிற மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் விடியுமுன் வேன் ஏறி வருகிறவர்கள்தானே? உங்கள் ஆலை வியட்நாமுக்குப் போனால் அவர்களுடைய வேலை மட்டும் திருமங்கலத்திலேயே தங்கிவிடுமா? அவர்கள் எத்தனை பேர் என்றுகூட எழுதத் தோன்றவில்லை உங்களுக்கு. பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், என் சின்ன மாமா பதிலி. மதுரையில் மில் ஓடிய காலத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அந்த இடத்தில் நிற்கிற ஆள்தான் பதிலி. ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு ஊதுமுன் தூக்குச்சட்டியோடு கேட்டில் போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே. கூப்பிடாவிட்டால் வீடு. சட்டி திறக்காமல் திரும்பி வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்று அத்தைக்குத் தெரியும். எங்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு, அது கொண்டாட்டம். உள்ளே இருக்கும் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பங்குபோட்டுத் தின்போம். மாமா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருஷத்தில் 240 நாள் சேர்ந்துவிட்டால் உரிமை கேட்பான் என்று, அதற்கு முன்னாலேயே கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

மில் நொடித்தபோது (பெயர் வேண்டாம்) ஒரு தலைவர் வந்தார். கேட் மீட்டிங். முதலாளியோடு பேசிவிட்டேன், ஒருத்தன் வேலையும் போகாது என்று மைக்கில் சொன்னார். மாலை, வெடி, கைதட்டல். மாமாவும் கைதட்டிவிட்டுத்தான் வந்தார். அடுத்த மாதம் மூன்றாவது ஷிப்டை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த நிரந்தரத் தொழிலாளர்களை மற்ற இரண்டு ஷிப்டுகளில் போட்டார்கள். பதிலிகளைக் கூப்பிட ஆள் வரவே இல்லை. தலைவர் பொய் சொல்லவில்லை பாருங்கள். மஸ்டர் ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் இருந்த ஒருத்தன் வேலையும் போகவில்லை. மாமா வேலை போனவர் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது, போவதற்கு முதலில் வேலை இருந்திருக்க வேண்டுமே! சங்கத்துக்குப் போனார். அங்கேயும் நிரந்தரத் தொழிலாளர்கள்தான் நாற்காலியில் இருந்தார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், பொன்னகரத்துக்காரர்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசிவரை கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை தூக்கினார்.

இதற்குச் சட்டமும் துணை. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில், லே-ஆஃப் கொடுத்தால், அதாவது வேலை இல்லையென்று தற்காலிகமாக வீட்டில் உட்கார வைத்தால், பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அது தொடங்கும்போதே பதிலியையும் தற்காலிகத் தொழிலாளியையும் விலக்கிவிட்டுத்தான் தொடங்கியது. ஆலையை மூட அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 300 பேருள்ள ஆலைகளுக்கு வந்தது. பிறகு அதை 100 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து மறுபடியும் 300. டிரம்ப் சலுகை கொடுத்துக் கெஞ்ச வேண்டியிருந்த விஷயத்தில், மூடாதே என்று எழுத்தில் சொல்லும் அதிகாரமே நம் அரசுகளிடம் இருந்தது. என்ன ஆயிற்று? முதலாளி மூடவில்லை, கரண்ட் பில்லைக் கட்டவில்லை. மில் தானாக இருண்டது. மூடாத மில்லின் கேட்டில் பி.எஃப். பணத்துக்காக வருஷக்கணக்கில் நின்றவர்கள் அந்தத் துட்டிப் பந்தலிலும் இருந்தார்கள்.

வியட்நாம்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த நாலு வரியை வெட்டிவிட்டேன். மதுரைக்கு மில் வந்ததே ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1892-இல் இங்கே வந்து போட்டதால்தான். ஹார்விபட்டி வழியாகத்தானே தினமும் கப்பலூருக்கு ஆட்கள் போகிறார்கள்? இந்திய மில்களால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று இங்கிலாந்தின் மில் பகுதியான லங்காஷயர்காரர்கள் அவர்களுடைய பாராளுமன்றத்தை நெருக்கி, 1896-இல் இந்திய மில் துணிக்கு 3.5 சதவீத வரி போட வைத்தார்கள். 1925 வரை கட்டினோம். லங்காஷயர் மில்கள் அதனால் பிழைத்துவிடவும் இல்லை. அன்றைக்கு மான்செஸ்டர்காரன் நம்மைப் பற்றிப் பேசிய பேச்சை இன்றைக்கு நீங்கள் எடுத்துப் பேச வேண்டாம்.

மனு கொடுங்கள். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் கம்பெனி மானியம், மின்கட்டணச் சலுகை ஏதாவது வாங்கியிருக்கிறதா, என்ன நிபந்தனையில் வாங்கியது என்று மாவட்டத் தொழில் மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நிலம் சிட்கோ (அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) மனை என்றால் அங்கேயும் கேளுங்கள். எம்.பி.க்கு ஏதாவது பிடி கிடைக்குமென்றால் அந்தக் காகிதத்தில்தான் கிடைக்கும். 140 பேர் என்றால் முன்அனுமதி விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் மூடுவதற்கு 60 நாள் முன்பே அரசுக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். இதை எல்லாருக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

மனுவோடு ஒரு பெயர்ப் பட்டியலை இணையுங்கள். பெயர், ஊர், எத்தனை வருஷ சர்வீஸ், எந்த காண்ட்ராக்டர் மூலம் வந்தவர். வேன் டிரைவர், கேண்டீன் ஆள் உட்பட. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இங்கே யாருக்கெல்லாம் காட்ட முடியுமோ காட்டுகிறேன். அதில் 140 பெயர்தான் இருக்கிறது என்றால் அனுப்ப வேண்டாம்.