ஐந்து லிட்டர் தண்ணீரும் அப்பாவின் சிறுநீரகமும் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

என் அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரையை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், நாங்கள் செய்யவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னதால் அப்பா உப்பையே விட்டுவிட்டார். ருசி இல்லாததால் சாப்பாடும் பாதியாகிவிட்டது. சிறுநீரகத்தைக் கழுவிவிட வேண்டும் என்று யாரோ சொல்ல, தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். சில நாட்களாகத் தலை பாரம், குமட்டல், நடந்தால் தள்ளாட்டம். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார். சிறுநீரகம் ஒரு வடிகட்டிதானே, தண்ணீர் அதிகம் போனால் நல்லதுதானே? ரத்த அழுத்த மாத்திரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமான விஷயம். அப்பாவை இன்றே அழைத்துப் போய் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிக்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்) மூன்றையும் பாருங்கள். அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், எழுப்பினாலும் தூக்கத்திலேயே இருந்தால், வலிப்பு வந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவரை தாகத்துக்கு மட்டும் தண்ணீர். உப்பைக் கரைத்துக் கொடுத்து வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வடிகட்டுவது சிறுநீரகத்தின் வேலையில் சிறு பங்குதான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன; ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய வடிமுடிச்சும் அதைத் தொடரும் குழாயும் கொண்டது. எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் உள்ள ரத்தத் திரவமோ, ரத்த அணுக்கள் நீங்கலாக, மூன்று லிட்டர்தான். அதாவது அந்த மூன்று லிட்டரும் ஒரே நாளில் அறுபது முறை வடிக்கப்படுகிறது. வடிந்ததில் கழிவு மட்டுமா இருக்கிறது? உப்பு, சர்க்கரை, பைகார்பனேட் என்று உடம்புக்கு வேண்டியவையும் அதில்தான் இருக்கின்றன. அவற்றையெல்லாம் குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, கடைசியில் ஒன்றரை லிட்டர் அளவில் சிறுநீர் மிஞ்சுகிறது. சிறுநீரகத்தின் பெரும்பாடு இந்தத் திரும்ப எடுப்பதில்தான்.

முதல் வளைகுழாயிலேயே மூன்றில் இரண்டு பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். ஹார்மோன்களின் ஆட்சி முக்கியமாகக் கடைசிச் சில சதவீதத்தில் நடக்கிறது. 180 லிட்டரில் ஒரு சதவீதம் என்பதே 1.8 லிட்டர் ஆயிற்றே. அந்தக் கடைசிப் பகுதியில் சின்ன மாற்றம் வந்தாலும் உடம்பு வீங்கிவிடும், அல்லது வற்றிவிடும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. உடம்பில் மொத்தம் எவ்வளவு திரவம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உப்பு. அந்தத் திரவம் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர். இரண்டுக்கும் தனித்தனி ஹார்மோன்கள். பரிசோதனைத் தாளில் சோடியம் 135-145 என்ற வரம்புக்குக் கீழே வந்தால் உப்பு போதவில்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள், தண்ணீர் மிஞ்சிவிட்டது என்பதுதான்.

தண்ணீரைக் கவனிப்பது வாசோபிரசின். ரத்தத்தின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்துகொள்கிறது, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் வெளியாகிறது. அது சிறுநீரகத்தின் சேகரக் குழாய்க்குப் போனதும், அங்குள்ள செல்கள் உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் அக்வாபோரின் என்ற தண்ணீர் வாய்க்கால்களைச் சுவருக்குக் கொண்டுவந்து பதிக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீர் கெட்டியாகிறது. தண்ணீர் குடித்து அடர்த்தி இறங்கியதும் சுரப்பு நிற்கும், வாய்க்கால்கள் உள்ளே இழுக்கப்படும், அரை மணியில் சிறுநீர் கூட ஆரம்பிக்கும். இந்த வாய்க்காலைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் மிஞ்சிய ஐந்து லிட்டரும் வெளியேறிவிடாதா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் தண்ணீரைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, அதோடு கரைபொருளும், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு, யூரியா போன்றவையும், போயாக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் மற்றவையும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 600 மில்லிஆஸ்மோல் (கரைபொருளின் துகள்களை எண்ணும் அலகு) கரைபொருள் வெளியேறுகிறது. சிறுநீரை லிட்டருக்கு 50 மில்லிஆஸ்மோல் வரை நீர்க்க வைக்கலாம், 1200 வரை கெட்டியாக்கலாம். ஆகவே ஆரோக்கியமானவர் குறைந்தது அரை லிட்டர், கூடினால் 12 லிட்டர் வரை சிறுநீர் கழிக்க முடியும்.

உங்கள் அப்பா உப்பை விட்டு, சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டார். அவருடைய கரைபொருள் 250 என்று வைத்துக்கொள்வோம். வயதானால் 50 வரை நீர்க்க வைக்கும் திறனும் குறைந்துவிடும். 100 வரைதான் முடிகிறது என்றால் அவரால் வெளியேற்ற முடிவது இரண்டரை லிட்டர். மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டர் போனாலும், மீதி ஒன்றரை லிட்டர் உள்ளே தங்குகிறது.

குளோர்தாலிடோன் இதை இன்னும் மோசமாக்குகிறது. சிறுநீர் நீர்ப்பது எப்படி? குழாயின் ஒரு பகுதியில் தண்ணீரை விட்டுவிட்டு உப்பை மட்டும் வெளியே எடுப்பதால்தான். குளோர்தாலிடோன் அடைப்பது அந்த உப்பு எடுக்கும் வழியைத்தான். ரத்த அழுத்தம் இறங்குவதும் அதனால்தான், சிறுநீரை நீர்க்க வைக்க முடியாமல் போவதும் அதனால்தான். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையில் சோடியம் இறங்குவது நன்கு அறியப்பட்ட விளைவு. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும்.

தங்கிய தண்ணீர் கால் வீக்கமாகத் தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் புகுந்துவிடும். மற்ற இடத்தில் செல் கொஞ்சம் உப்பினால் தாங்கிக்கொள்ளலாம், மண்டை ஓட்டுக்குள் அதற்கு இடமில்லை. தலை பாரம், குமட்டல், தள்ளாட்டம் எல்லாமே அப்படித்தான் வரும். அப்பாவுக்கு அதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினாலும் தள்ளாடும் என்பதால், நிற்க வைத்தும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

டெல்மிசார்டன் வேலை செய்வது உப்பைக் கவனிக்கும் அணியில். சிறுநீரகத்துக்குள் வரும் சிறு தமனியில் அழுத்தம் குறைந்தாலோ, குழாயில் போகும் உப்பு குறைந்தாலோ, பரிவு நரம்புகள் (பதற்றத்தில் உடம்பை முடுக்கிவிடும் நரம்புகள்) தூண்டினாலோ சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டிருக்கும் புரதம் ஒன்றை ரெனின் வெட்டுகிறது. கிடைத்த துண்டை முக்கியமாக நுரையீரலின் ரத்தக் குழாய்களில் உள்ள நொதி மறுபடி வெட்ட, ஆஞ்சியோடென்சின் 2 பிறக்கிறது. அது ரத்தக் குழாய்களை இறுக்கும், தாகத்தைத் தூண்டும், அட்ரினல் சுரப்பியிடமிருந்து ஆல்டோஸ்டிரோனை வரவழைக்கும். ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் இடத்தை டெல்மிசார்டன் அடைத்துவிடுகிறது. ஆல்டோஸ்டிரோன் குறையும், அதனால் பொட்டாசியம் ஏறலாம். வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் தமனி தளரும், உள்ளழுத்தம் இறங்கும், கிரியேட்டினின் சற்று கூடும். 30 சதவீதம் வரை கூடினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு அந்த உள்ளழுத்தம் இறங்குவதே பாதுகாப்பு. அதற்கு மேல் கூடினாலும், பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலும் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். 6-ஐ மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இரண்டாம் வாரத்துப் பரிசோதனை இதற்காகத்தான், தள்ளிப்போட்டிருக்கக் கூடாது. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். வடிமுடிச்சுக்குள் வரும் தமனியை விரித்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற உடம்பின் வேதிப்பொருள்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை அவற்றை நிறுத்திவிடும், வரும் வழி சுருங்கும். வெளியேறும் வழியை டெல்மிசார்டன் ஏற்கெனவே தளர்த்திவிட்டது, ரத்தத் திரவத்தைக் குளோர்தாலிடோன் குறைத்துவிட்டது. மூன்றும் சேர்ந்தால் வடிப்பதற்கான அழுத்தமே இல்லாமல் சிறுநீரகம் சில நாட்களில் முடங்கிவிடக்கூடும். முழங்காலில் வெளிப்பூச்சாகத் தடவும் மருந்து, அளவான பாரசிட்டமால் பற்றிக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றிச் சிறுநீரகத்தைக் கழுவ முடியாது. சிறுநீரக நோயின் 3-ஆம் நிலையில் இருந்தவர்களைத் தினமும் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை கூடுதலாகக் குடிக்கச் சொல்லிக் கனடாவில் ஓராண்டு கவனித்தார்கள். சிறுநீரகம் பழுதாகும் வேகம் அதனால் குறையவில்லை என்று 2018-இல் முடிவு வெளியானது. கல் உண்டாகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்கள் நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும்படி குடிக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தாகமே போதும். வயதானவர்களுக்குத் தாகம் மங்கும் என்பதால் சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். வெளிர் மஞ்சள் சரி. தண்ணீர் போல நிறமே இல்லாமல் நாள் முழுக்கப் போனால் குடிப்பது அதிகம். உப்பும் நாளுக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, அறவே விடச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், புரதத்தைக் குறைக்க வேண்டாம்.

சோடியம் இறங்கியிருப்பது உறுதியானால் அதை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 8 முதல் 10 புள்ளி வரை. இறங்கிய அடர்த்திக்கு மூளைச் செல்கள் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கும். திடீரென ஏற்றினால் நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் நடையும் நிரந்தரமாகப் போய்விடக்கூடும். வீட்டில் உப்புக் கரைசல் வேண்டாம் என்றது இதற்காகத்தான். சிலருக்குத் தண்ணீரைக் குறைத்து மாத்திரையை மாற்றினாலே போதும், சிலரை மருத்துவமனையில் வைத்துச் சில மணிக்கு ஒருமுறை சோடியம் பார்க்க வேண்டியிருக்கும். குளோர்தாலிடோனால்தான் இறங்கியது என்று மருத்துவர் சொன்னால், அதை அப்பாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதே வகை மாத்திரையை வேறு பெயரில் மறுபடி கொடுத்தாலும் பெரும்பாலும் மறுபடி இறங்கும்.