ராக்கெட் தெரியாதவர் ராக்கெட் கணக்கைக் கேட்கலாமா?

கேள்வி: இஸ்ரோ, சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) போன்ற ஆய்வு அமைப்புகளை நாடாளுமன்றக் குழுக்கள் கூப்பிட்டு விசாரிக்கின்றன. அறிவியல் படிக்காத எம்.பி.க்களுக்கு அங்கே என்ன வேலை? விஞ்ஞானிகளை அவர்கள் போக்கில் விட்டால் என்ன? (வள்ளியூர் வாசகர் ஒருவர்)

பதில்: ஆய்வை விஞ்ஞானிகளிடம் விடலாம், விடத்தான் வேண்டும். அன்றாட நிர்வாகத்துக்குள் போகக் கூடாது என்று நிலைக்குழு (துறைகளை மேற்பார்க்கும் எம்.பி.க்கள் குழு) விதியே சொல்கிறது. ஆனால் பணத்தையும் ஒப்பந்தத்தையும் அப்படி விட முடியாது.

ஆன்ட்ரிக்ஸ்-தேவாஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரியில் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், இரண்டு செயற்கைக்கோள்களின் டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) 90 சதவீதத்தை தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டது. பிறகு செயற்கைக்கோளுக்கு அனுமதி கேட்டு அமைச்சரவைக்குப் போன குறிப்பில் அந்த ஒப்பந்தம் பற்றி ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் ரத்தானது 2011இல். அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2012இல். இதைப் பிடிக்க விண்வெளிப் பொறியியல் தேவையில்லை. இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துப் படித்தால் போதும். அதற்கு ஏழு வருடம் ஆனதுதான் என் கவலை.

இன்னொன்று, பட்ஜெட் ஆவணம். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று எண்களைப் பாருங்கள்: பட்ஜெட் மதிப்பீடு (முதலில் ஒதுக்கியது), திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவில் மாற்றியது), உண்மைச் செலவு. ஆய்வுகளுக்கு நிதி தரும் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு 2023-24இல் ஒதுக்கியது 2,000 கோடி ரூபாய்; திருத்திய மதிப்பீட்டில் அது 258 கோடிச் சொச்சம். அடுத்த ஆண்டும் 2,000 கோடி என்று எழுதி, 200 கோடிக்கு இறக்கினார்கள். ஐந்தாண்டுக்குச் சொன்ன 50,000 கோடியில் 36,000 கோடி அரசு கஜானாவுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். எவ்வளவு வந்தது, யார் கொடுத்தது? கேட்க வேண்டியவர் எம்.பி.தான்.

பணம் தேங்குவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை ஆய்வு நிறுவனம் அனுப்பவில்லை என்றால் அடுத்த தவணை நிற்கும். நின்றது ஜனவரியில் வந்தால், மார்ச் 31க்குள் வெளிநாட்டுக் கருவி வந்து இறங்காது. தொகையைத் திருப்ப வேண்டியதுதான். நடுவில் உதவித்தொகைக்குக் காத்திருப்பவர் ஆராய்ச்சி மாணவர்.

உண்மையில் மேற்பார்வை மிகக் குறைவாக இருக்கிறது. அந்த அறக்கட்டளை மசோதா 2023 ஆகஸ்ட் 4இல் அறிமுகமாகி, 9ஆம் தேதிக்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது. நிலைக்குழுவுக்குப் போகவே இல்லை. விண்வெளி, அணுசக்தி, உயிரித் தொழில்நுட்பம், புவி அறிவியல், சி.எஸ்.ஐ.ஆர்., போதாததற்குச் சுற்றுச்சூழல், எல்லாம் 31 பேர் கொண்ட ஒரே குழுவிடம். அதன் ஆயுள் ஓராண்டு. மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, பார்க்கக் கிடைப்பது பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளை மட்டும். 2023 மார்ச் 23இல் மக்களவை எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றியது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதன் பேரில் வரும் அறிக்கை மாநிலங்களவை இணையதளத்தில் கிடைக்கும். அதில் ‘குழு ஏற்காத பதில்கள்’ என்ற அத்தியாயத்தை முதலில் படியுங்கள். அங்கிருந்து ஒரு பத்தியை எடுத்து உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், அதை அவர் அவையில் கேட்கலாம்; அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விக்கு அவர் 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.