எலித் தொல்லை: பென்சில் நுழைகிற ஓட்டை போதும்

வீடுகளில் பூச்சி, எலி ஒழிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் எலியைப் பற்றி வந்த கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அடுப்படியில் ஒரு சின்ன எலி ஓடியதைப் பார்த்தேன். ஒன்றுதானே, அதுவாகப் போய்விடுமா?

போகாது. சாப்பாடும் கதகதப்பும் கிடைக்கிற இடத்தை விட்டு எலி தானாகக் கிளம்புவதில்லை. ஒன்றுதானா, பத்தா என்பதையும் பார்த்த எலியை வைத்துச் சொல்ல முடியாது. புழுக்கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு 50 முதல் 75 புழுக்கை வரை போடும். அலமாரி மூலை, அடுப்புக்குப் பின்பக்கம், குளிர்பெட்டிக்கு அடியில் என்று பாருங்கள். 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில், முனை கூராக, கறுத்த அரிசிமணி மாதிரி இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி, தடியாக இருந்தால் பெரிய எலி. புதுசு மினுமினுப்பாக இருக்கும், பழையது குச்சியால் தொட்டால் பொடியாகிவிடும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. படுக்கப் போகுமுன் சுவரோரம் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல், சில இடத்தில் வால் இழுபட்ட கோடு கூடத் தெரியும். அந்தத் தடம் எந்தச் சுவரில் போய் மறைகிறதோ அங்கேதான் அதன் வாசல் இருக்கிறது.

தள்ளிப் போடாதீர்கள். சுண்டெலி மூன்று வாரத்தில் ஈன்றுவிடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி சாதாரணம். அந்தக் குட்டி ஆறேழு வாரத்தில் தானும் சினைக்குத் தயாராகிவிடும்.

கூண்டு வைத்து ஒரு மாதத்தில் பதினான்கு எலி பிடித்துவிட்டோம். தெருக்கோடியில் கொண்டுபோய் விடுகிறோம். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. என்னதான் செய்வது?

தெருக்கோடியில் விட்டால் அதே எலி திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் பிரச்சினை அது மட்டும் இல்லை. வாசல் திறந்திருக்கிற வரை பதினைந்தாவது எலி வரும், அப்புறம் பதினாறாவதும் வரும். நீங்கள் எலியையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், ஓட்டையை இன்னும் தேடவில்லை.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற இடுக்கில், அதாவது சுமார் 6 மில்லிமீட்டரில், சுண்டெலி நுழைந்துவிடும். வளர்ந்த சுண்டெலியின் எடையே 20 கிராம் அளவுதான். தலை நுழைந்தால் உடம்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு வீட்டில் மூன்று முறை மருந்து வைத்தும் தீரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். சிங்க்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தை ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டு மறைத்திருந்தார்கள். வளையம் கழன்று குழாயோடு கீழே இறங்கிக் கிடந்தது. பின்னால் குழாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு வெற்றிடம். அதன் கீழ் விளிம்பு மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. சிமெண்ட் சொரசொரப்பாக இருந்த இடத்தில் இரண்டு மூன்று சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. எலி தினமும் ஒரே வழியில் உரசிக்கொண்டு போவதால் உடம்பு அழுக்கு இப்படிக் கறையாகப் படியும். அந்தக் கறையைப் பார்த்த பிறகு வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு ஓட்டையை அடைத்து, உள்ளே மாட்டியிருந்தவற்றைப் பொறி வைத்துப் பிடித்ததும் தொல்லை நின்றது.

எதை வைத்து அடைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். துணி, காகிதம் வைத்து அடைத்தால் அதையே கிழித்துக் கூடு கட்டும். ஓட்டை அடைக்க விற்கிற, காய்ந்தால் இறுகுகிற நுரையை மட்டும் பீய்ச்சினால் கடித்துத் துளைத்துவிடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை இடுக்கில் நன்றாகத் திணித்து, மேலே சிமெண்டோ சீலண்டோ பூசுங்கள். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். காற்றுப் போக்கிகளுக்கு 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். ஏ.சி. குழாய், கேபிள் நுழையும் துளை, வாசல் கதவின் அடி இவற்றை மறக்க வேண்டாம். கதவடிக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ராத்திரி உள்ளே விளக்கை அணைத்து, வெளியே போட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் இடைவெளி இருக்கிறது. அங்கே உலோகப் பட்டை அல்லது அடர்ந்த பிரஷ் பட்டை பொருத்துங்கள்.

அடைக்கிற அன்றைக்கே உள்ளே பொறிகளையும் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவை வெளியே போக வழியில்லாமல் சுற்றும், அந்த நேரத்தில் சுலபமாகச் சிக்கும்.

எங்கள் வீட்டு எலி கெட்டிக்காரத்தனமானது. பொறியில் வைத்ததை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடுகிறது.

நீங்கள் அதிகமாக வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டாணி அளவு போதும். பொறியில் பெரிய துண்டாக வைத்தால் ஓரத்தில் நின்றே கொறித்துவிட்டுப் போகும். வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி ஒட்டுகிற பொருளைத் தட்டில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், அல்லது கடலைத் துண்டை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அதை எடுக்க இழுத்தே ஆக வேண்டும். கூடு கட்டுகிற பெண் எலிக்கு ஒரு துணுக்குப் பஞ்சு கூட நல்ல இரை.

அப்புறம், வைக்கிற விதம். எலி நட்ட நடு அறையில் ஓடாது, சுவரை மீசையால் தடவிக்கொண்டேதான் போகும். அடிக்கிற பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கிற முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுண்டெலி தன் கூட்டிலிருந்து அதிகம் விலகாது, பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்ளேயே சுற்றும். அதனால் ஒரே பொறியை வைத்துக் காத்திருக்காமல் ஆறு, எட்டு பொறிகளை இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் ஒரே ராத்திரியில் வையுங்கள். சுண்டெலிக்குப் புதுப் பொருள் என்றால் ஆர்வம், வந்து மோந்து பார்க்கும். இரண்டு ராத்திரி சும்மா இருந்த பொறியை இடம் மாற்றுங்கள். பெரிய எலி அப்படியில்லை, புதிதாக எதைக் கண்டாலும் ஒதுங்கிப் போகும். அதற்கு நான்கைந்து நாள் பொறியை இழுத்து வைக்காமல் இரையை மட்டும் வைத்துத் தின்னவிடுங்கள். பயம் தெளிந்த பிறகு இழுத்து வையுங்கள்.

வில் வைத்து அடிக்கிற இந்தப் பொறிக்கு வில்லியம் ஹூக்கர் என்பவர் 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் எத்தனையோ வந்தும் நான் இன்றைக்கும் முதலில் எடுப்பது இதைத்தான். சரியாக அடித்தால் எலி நொடியில் இறந்துவிடுகிறது, விஷமும் இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் விரல் நுழையாத பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

சுவரில் சொருகினால் எலி ஓடிவிடும் என்று ஒலி எழுப்பும் கருவி விற்கிறார்கள். வாங்கலாமா? அந்துருண்டை போட்டால் போகுமா?

கருவி வேண்டாம். அது எழுப்புவது மீயொலி, அதாவது நம் காதுக்குக் கேட்காத ஒலி; அது சுவரையும் மரச்சாமானையும் தாண்டிப் போகாது, எலியும் சீக்கிரம் பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001இல் இந்த மாதிரிக் கருவிகளைத் தயாரித்து விற்கிற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்துருண்டையை எலிக்காக அறைகளில் போட்டு வைக்கவே வேண்டாம். அந்த ஆவியை நாள் முழுக்கச் சுவாசிப்பது நீங்கள்தான். குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் பெரிய ஆபத்து.

தவழும் குழந்தையும் நாயும் இருக்கிற வீடு. எலி மருந்து வைக்கலாமா?

வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கேக் கட்டி மாதிரி விற்கிற மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. இந்த வகையின் முன்னோடியான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்தது. இப்போதுள்ளவை அதைவிடப் பல மடங்கு வீரியமானவை. தின்ற எலி உடனே சாகாது, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு நடமாடும். அந்த எலியை உங்கள் நாயோ, பக்கத்து வீட்டுப் பூனையோ, கூகையோ பிடித்தால் விஷம் அதற்கும் போகும். பசை மாதிரி விற்கிற, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த மருந்து இதைவிட மோசம். அது வீட்டுக்குள் வரவே கூடாது. ஏற்கெனவே இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

எந்த எலி மருந்தாக இருந்தாலும், குழந்தை தொட்டு வாயில் வைத்தது என்ற சந்தேகம் வந்தால் போதும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் உறையைக் கையோடு கொண்டுபோங்கள், என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தொடங்க முடியும். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இந்த விஷங்கள் பல, முதல் ஓரிரு நாள் வெளியே ஒன்றும் காட்டாது.

மருந்து வைத்தோம், எலி எங்கேயோ செத்து நாற்றம் தாங்கவில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷம் தின்ற எலி வெளியே போய்த்தான் சாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். தன் வளையில், சுவருக்குள், பரணில் சாகும். நாற்றம் எங்கே உறைக்கிறது என்று சுவரோரமாகத் தரைக்குக் குனிந்து பாருங்கள். அந்தப் பக்கம் நீல ஈக்கள் மொய்க்கும், அவை சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எட்டினால் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். எட்டாத இடமென்றால் சுண்டெலி ஓரிரு வாரத்தில் காய்ந்துவிடும், பெரிய எலிக்கு இன்னும் நாளாகும். சன்னலைத் திறந்து வையுங்கள், கரித்தூள் பைகளை அருகில் தொங்கவிடுங்கள்.

பசை அட்டை வைத்தேன். எலி ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தியது. என் மகள் அழுதுவிட்டாள். அதை என்ன செய்வது?

உங்கள் மகள் அழுததில் தப்பில்லை. அட்டையில் ஒட்டிய எலி சில சமயம் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு துடிக்கும், தோல் கிழியும், தன் காலையே கடித்துக்கொள்ளும். நானும் ஆரம்பத்தில் இதை வைத்திருக்கிறேன். ஒரு காலையில் அட்டையைத் தூக்கியபோது அது என்னைப் பார்த்த பார்வைக்கு அப்புறம் விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் 2024 ஜூலை கடைசியிலிருந்து பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவது குற்றம்.

ஒட்டியிருக்கிற எலியை விடுவிக்க வேண்டுமென்றால் தடித்த கையுறை போட்டு, அட்டையை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒட்டிய இடங்களில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பசை இளகி அதுவாகவே கழன்றுகொள்ளும். பிடித்து இழுக்காதீர்கள்.

பூனை வளர்த்தால் எலி போய்விடுமா?

பூனை பிரியமாக வளர்ப்பதென்றால் வளருங்கள், எலிக்காக வேண்டாம். சுண்டெலியைப் பூனை பிடிக்கும், பெரிய எலியிடம் தயங்கும். நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. 79 நாளில் பூனைகள் கொன்ற எலி இரண்டுதான். பூனை வந்ததும் எலிகள் மறைந்து நடமாடத் தொடங்கின, அதனால் குறைந்துவிட்ட மாதிரி தோன்றியது.

நீளமூக்கோடு, கீச் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுகிறது. ஒரு மாதிரி நாற்றம். இது என்ன எலி?

எலி இல்லை, மூஞ்சூறு. கரப்பானையும் பூச்சிகளையும் தின்னும், சாமான்களையும் ஒயரையும் கொறிக்காது. கொல்லாதீர்கள். கதவடியை அடைத்து, கரப்பானைக் குறைத்தால் தானாக வராமல் போகும்.

பரணில் ஏகப்பட்ட புழுக்கை. பெருக்கிவிட்டால் போதுமா?

பெருக்கக் கூடாது, வேக்குவமும் போடக் கூடாது. காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகப் பறந்து மூச்சில் போகும், எலி வழியாகப் பரவும் கிருமிகள் சில அப்படித்தான் தொற்றுகின்றன. முதலில் சன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை ஊறும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத் துண்டால் வழித்தெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். அப்புறம் அதே தண்ணீரால் இடத்தைத் துடையுங்கள். பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ கலக்கக் கூடாது, விஷவாயு வரும். எலி மிதித்த சாப்பாட்டுப் பொருளைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கடித்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்தால் போதாது.

எல்லாம் செய்தாயிற்று. எலி போய்விட்டது என்று எப்போது நிம்மதியாக இருக்கலாம்?

இருக்கிற புழுக்கையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, பழைய தடத்தில் மறுபடியும் பவுடர் தூவுங்கள். பொறிகளையும் எடுக்காதீர்கள். இரண்டு வாரம் பவுடரில் ஒரு கால் தடமும் இல்லாமல், புதுப் புழுக்கையும் விழாமல், பொறியில் இரை தொடாமல் இருந்தால் போய்விட்டது. தானியம், பருப்பு, நாய்க்கு வைக்கிற தீனி இவற்றையெல்லாம் கண்ணாடியிலோ உலோகத்திலோ மூடி வையுங்கள். ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் சாப்பாடு போதும், அதைக்கூட இருபது இடத்தில் கொறித்துத்தான் தின்னும். அடுப்புக்கு அடியில் சிந்திக் கிடக்கிறதே, அதுவே அதற்கு ஒரு வாரச் சாப்பாடு. அடைத்த ஓட்டைகளை மட்டும் மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கடித்த பல் தடம் இருந்தால் அன்றைக்கே மறுபடி பூசிவிடுங்கள்.