பாம் ஸ்பிரிங்ஸில் வசந்த காலத்தில் ஏன் இவ்வளவு காற்று?

மே மாதம் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸுக்குப் போகிறோம், காற்று பலமாக இருக்குமாமே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், இருக்கும்.

மார்ச்சிலிருந்து பாலைவன மண் வேகமாகச் சூடேறும். சூடான காற்று மேலே எழும்ப, அங்கே அழுத்தம் குறையும். மேற்கே பசிபிக் கடல் அப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அதன் மேலுள்ள கனமான குளிர்காற்று உள்ளே வரத் துடிக்கும், ஆனால் மலைகள் மறிக்கும். திறந்திருக்கும் வழி சான் கோர்கோனியோ கணவாய். ஒரு பக்கம் 3,300 மீட்டர் சான் ஹசின்டோ சிகரம், மறுபக்கம் 3,500 மீட்டர் சான் கோர்கோனியோ மலை. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் சீறுமே, அதே கதைதான். வசந்தத்தில் கடந்துபோகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும்.

அங்கே நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பக்கத்திலுள்ள கார்னெட் குன்றின் கற்களைக் குனிந்து பாருங்கள்: பறந்துவரும் மணல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு கோடாகப் பள்ளம் போட்டிருக்கும். எனக்கு அந்த ஊரில் மிகப் பிடித்த காட்சி அதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். காற்று பெரும்பாலும் பிற்பகலில் ஏறி, மாலையிலும் இரவிலும் உச்சம் தொடும். அதனால் நடைப்பயணத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நகரின் வடக்குச் சாலைகளை மணல் பறந்தால் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு சான் ஹசின்டோ மலையடிவாரத்தை ஒட்டிய தெற்குப் பகுதி நல்லது. மலையே மறைப்பாக நிற்பதால் அங்கே காற்று எவ்வளவோ அடங்கியிருக்கும்.