டர்போவை நிறுத்தக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ7-8550யூ பிராசசர் இருக்கிறது. பெட்டியில் 4.0 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் அடிப்படை வேகம் 1.8 என்கிறது, வேலை கூடும்போது 3.7 வரை ஏறி, சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறது. பழுதுபார்ப்பவர், “ஓவர்கிளாக் ஆகி ஓடுகிறது, எரிந்துவிடும், டர்போவை நிறுத்தித் தருகிறேன்” என்று கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கணினி ஓவர்கிளாக் ஆகவில்லை. அந்த மாடலில், வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண்ணைத் (மல்டிப்ளையர்) தயாரிப்பிலேயே பூட்டிவிட்டார்கள். வேண்டுமென்றாலும் அதை உயர்த்த முடியாது.

1.8 என்பது, 15 வாட் மின்சாரத்துக்குள் தொடர்ந்து வேலை வாங்கினாலும் கிடைக்கும் வேகம். 4.0 என்பது டர்போவின், அதாவது பிராசசர் தற்காலிகமாக எடுக்கும் கூடுதல் வேகத்தின், உச்சம். அதுவும் உள்ளிருக்கும் நான்கு கோர்களில் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளில்) ஓரிரண்டு மட்டும் உழைக்கும்போது. நான்கும் சேர்ந்து உழைத்தால் எல்லை 3.7 தான். வெப்பத்திலும் மின்சாரத்திலும் இடமிருக்கும்வரை பிராசசர் தானே ஏறும், இடம் குறைந்ததும் தானே இறங்கும். நீங்கள் பார்த்தது இதைத்தான். 2008 முதல் இன்டெல் இதைத் தந்துவருகிறது. நீங்கள் கொடுத்த விலையில் இதுவும் அடக்கம், உத்தரவாதமும் உண்டு.

ஓவர்கிளாக் என்பது தயாரிப்பாளர் போட்ட எல்லையை நாமே தாண்டுவது. பெருக்கியை உயர்த்தி, தேவைப்பட்டால் வோல்டேஜையும் கூட்டி, பெரிய குளிர்விப்பானும் பொருத்த வேண்டும். இன்டெல்லில் பெரும்பாலும் ‘கே’ என்று முடியும் மாடல்களும் அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும். உத்தரவாதமும் போகலாம்.

ஒரே ஒரு இடத்தில் டர்போவுக்கும் ஓவர்கிளாக்குக்கும் நடுவிலுள்ள கோடு மங்குகிறது. மேசைக் கணினி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். சில மதர்போர்டுகள் எல்லா கோர்களையும் ஒரே நேரத்தில் உச்ச டர்போவில் ஓட்டும் அமைப்பை, உங்களைக் கேட்காமலே இயக்கி வைத்திருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’ என்பது போன்ற பெயரில் அது இருக்கும். நீங்கள் எதையும் தொடவில்லை, பெயரும் டர்போ என்றே இருக்கிறது, ஆனால் நடப்பது எல்லை மீறல். வெப்பம் காரணமில்லாமல் எகிறினால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். மின்சார வரம்பைத் தளர்த்தி வைக்கும் போர்டுகளும் உண்டு. உங்கள் மடிக்கணினிக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இனி அந்தக் கட்டணத்துக்கு வருவோம். டர்போவை ‘நிறுத்தித் தருவது’ பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம்தான்: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99 ஆக்குவது. அரை நிமிட வேலை. அதன் பிறகு 1.8-ஐத் தாண்டாது, சூடு குறையும், கணினியும் தவழும். ஏற்கெனவே யாராவது இதைச் செய்திருந்தால் 100-க்கே திருப்பிவிடுங்கள். ‘நான்கு கோர், ஆளுக்கு 4, மொத்தம் 16 கிகாஹெர்ட்ஸ்’ என்று கூட்டிச் சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். கோர்களின் வேகத்தைக் கூட்டுவது கணக்கே அல்ல.

குழப்பத்துக்கு விற்பவர்கள் மட்டும் காரணமல்ல. எத்தனை கோர்கள் ஓடினால் எவ்வளவு டர்போ என்ற பட்டியலை இன்டெல் முன்பு வெளியிட்டுவந்தது, 2017-ல் நிறுத்திவிட்டது. வாங்குபவருக்கு மிகவும் தேவையான எண்ணை மறைத்துவிட்டு, உச்ச எண்ணை மட்டும் பெட்டியில் பெரிதாக அச்சிடுவது எந்த வகை நேர்மை?

எரிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. இந்தப் பிராசசரின் வெப்ப எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினாலே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரில் இணைத்து, கனமான ஒரு வேலையைக் கொடுத்து டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 3.7-ஐத் தொட்டுவிட்டு மெல்ல இறங்கினால் அது இயல்பு. சில நொடிகளிலேயே 1.8-க்கும் கீழே விழுந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது பிராசசரின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழுதுபார்ப்பவருக்குக் காசு கொடுப்பதானால், அந்த இரண்டையும் சரிசெய்யக் கொடுங்கள்.