வாசகர் கேள்வி–பதில்: டிராக் காருக்கு சுவிட்ச் பேனல்

கேள்வி: எஸ்டீம் காரை டிராக்குக்குத் தயார் செய்கிறோம். ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப், லைட், செல்ஃப் எல்லாவற்றையும் நடு கன்சோலில் ஒரே பேனலுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தகடு வெட்டுவதில் தொடங்காதீர்கள். பலரும் அதை முதலில் செய்துவிட்டு, பின்னால் ஒயர் நுழைய இடமில்லாமல் திண்டாடுகிறார்கள். முதல் வேலை, எந்த லோடு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து எழுதுவது. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு ஒயரிங்காரர்களிடம் இருப்பவற்றில் பல ஏ.சி. மட்டுமே காட்டும். ஃபேன் ஓடும்போது 10 ஆம்பியர் காட்டினாலும், கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு இழுக்கும்.

இந்தக் கரண்ட் எதுவும் பேனல் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலேயை நடுவில் வையுங்கள். ரிலே காயிலுக்கு 0.2 ஆம்பியருக்கு உள்ளேதான் வேண்டும். சுவிட்ச் அதை மட்டும் சுமக்கட்டும். டாகிள் (மேலும் கீழும் தள்ளும் குச்சி சுவிட்ச்) முதுகில் ‘250 வோல்ட் 6 ஆம்பியர்’ என்று அச்சடித்திருப்பது ஏ.சி.க்கான கணக்கு. டி.சி.யில் மோட்டார் லோடை நேராக அணைத்தால் பொறி சட்டென்று அடங்காது. நாளடைவில் பாயிண்ட் கருகும், அல்லது ஒட்டிக்கொண்டு அணையவே மறுக்கும்.

ரிலேயின் ஒவ்வொரு பின்னிலும் ஒரு எண் இருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87-லிருந்து லோடுக்கு, 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த். ஐந்து பின் ரிலேயின் நடுவில் 87ஏ இருந்தால் கவனம்: காயில் அணைந்திருக்கும்போது கரண்ட் அதில்தான் வரும். அதில் மாட்டினால் சுவிட்ச் போடாமலே ஃபேன் சுற்றும். 85-க்கும் 86-க்கும் இடையே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், வெள்ளைக் கோடு 86 பக்கம். இல்லாவிட்டால் ரிலே அணையும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் துள்ளல், சுவிட்ச் பாயிண்டையும் டேட்டா லாகர் போன்ற எலெக்ட்ரானிக்ஸையும் பதம் பார்க்கும்.

ஃப்யூஸ் காப்பது ஒயரை. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயருக்கு 20 ஆம்பியர், 4 ஸ்கொயருக்கு 30. ரிலேக்குப் போகும் சின்ன ஒயர் 0.75 ஸ்கொயர் போதும், 5 ஆம்பியர் ஃப்யூஸோடு. மெயின் ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் குரோமெட் வளையம் இல்லாமல் ஒயரை நுழைக்காதீர்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்கை சரியான கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். ஈயம் வைத்தால் ஒயர் அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் ஓரத்தில் முறியும். செல்ஃபுக்கு சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயரை மட்டும் ரிலேக்கு மாற்றுங்கள், பெரிய கேபிளைத் தொடவே வேண்டாம்.

இனி தகடு. 2 மி.மீ. அலுமினியம் போதும். முதலில் அட்டையில் வெட்டி வைத்து, பெல்ட் போட்டு உட்கார்ந்து எல்லா கியரும் மாற்றிப் பாருங்கள். கியர் போடும்போது விரல் முட்டி படும் இடத்தில் பம்ப் சுவிட்ச் இருந்தால் வண்டி நட்டநடுவில் நிற்கும். டாகிளுக்கு 12 மி.மீ. துளை, புஷ் பட்டன் 16, 19, 22 என்று வரும், வாங்கிய பிறகே துளையிடுங்கள். ஓசூர் பக்கம் லேசர் கட்டிங் பட்டறையில் டி.எக்ஸ்.எஃப். வரைபட ஃபைல் கொடுத்தால் சுத்தமாக வரும். கார்பன் ஃபைபர் தகட்டில் கரண்ட் பாயும், மறக்காதீர்கள். சிவப்பு மூடி போட்ட டாகிள் பார்க்க ஜோர்தான். ஆனால் மூடியைத் தட்டினாலே சுவிட்ச் அணையும். பம்புக்கு அது வேண்டாம்.

கேள்வி: பேனலில் பெட்ரோல் பம்புக்குத் தனி டாகிள் வைத்தோம். அதன் ரிலேக்கு ஏ.சி.சி. (ரேடியோ போன்றவற்றுக்கான சாவி லைன்) ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தோம். இப்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும் வரை பிடிப்பதில்லை, சாவியை விட்ட நொடியில் பிடிக்கிறது. பிளக் மாற்றியும் பலன் இல்லை.
– வாசகர், பாலக்கோடு

பதில்: பிளக்கில் கோளாறு இல்லை. செல்ஃப் சுற்றும்போது சாவி சுவிட்ச் ஏ.சி.சி. லைனைத் துண்டித்துவிடும். பம்ப் நிற்கிறது, சாவியை விட்டதும் கரண்ட் திரும்பி, மிச்ச வேகத்தில் என்ஜின் பிடிக்கிறது. 86-இல் டெஸ்ட் லேம்ப் வைத்து செல்ஃப் அடியுங்கள், விளக்கு அணைந்தால் இதுதான்.

இக்னிஷன் லைனுக்கு மாற்றினால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் உங்கள் ஒயரிங்கில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. கம்பெனி அமைப்பில் என்ஜின் சுற்றவில்லை என்றால் ஈ.சி.யூ. (என்ஜின் கம்ப்யூட்டர்) பம்பை நிறுத்திவிடும். நேர் டாகிளில் வண்டி மோதி என்ஜின் நின்றாலும் பம்ப் ஓடும். பைப் அறுந்திருந்தால் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். எனவே கம்பெனி ரிலேயிலிருந்து பம்புக்குப் போன ஒயரைப் பிரித்து, டாகிள் வழியாகப் புது ரிலேயின் 86-க்குக் கொடுங்கள். ஈ.சி.யூ. அனுமதித்தால்தான் பம்ப் ஓடும், டாகிளாலும் அணைக்கலாம். செல்ஃப் பிரச்சினையும் இதிலேயே தீரும்.

பம்புக்கு 1 ஸ்கொயர் ஒயர் போட்டிருந்தால் மாற்றுங்கள். 4 மீட்டரில் 10 ஆம்பியர் போனால் 0.7 வோல்ட் அங்கேயே தொலையும். முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன்தான் விலை கொடுக்கும்.

கேள்வி: சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் வண்டி சூடாகிறது. ஃபேனுக்கு சுவிட்ச் வைக்கலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: பழைய வண்டியில் வைக்கலாம். சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சை எடுத்துவிடாமல், அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே டாகிளை இணையுங்கள். தெர்மோ சுவிட்ச் ஃபேன் கரண்டையே நேராகச் சுமந்தால், இங்கும் டாகிளுக்குப் பதில் ரிலேயின் 30-ஐயும் 87-ஐயும் இணைத்து, டாகிளால் ரிலேயை மட்டும் இயக்குங்கள். நீங்கள் மறந்தாலும் ஃபேன் தானாக ஓடும். ஃபேன் ஓடியும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

கேள்வி: கில் சுவிட்சை (அவசரத்தில் மொத்தக் கரண்டையும் துண்டிப்பது) பேட்டரி பாசிட்டிவில் வைத்தோம். அணைத்தாலும் என்ஜின் ஓடுகிறது!
– வாசகர், ஓசூர்

பதில்: ஆல்டர்னேட்டர் ஓட்டுகிறது. பேட்டரி இல்லாமல் அது கட்டுப்பாடின்றி வோல்டேஜை ஏற்றி ஈ.சி.யூ.வையே கருக்கலாம்; இனி அப்படிச் சோதிக்காதீர்கள். ஆறு முனை கில் சுவிட்ச் வாங்குங்கள். இரண்டு பெரிய போல்ட் பேட்டரி கேபிளுக்கு. ஒரு ஜோடி சின்ன முனை இக்னிஷனைத் துண்டிக்கும். மறு ஜோடி, ஆல்டர்னேட்டரில் மிச்சமுள்ள கரண்டை 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கும். வெளியிலிருந்தும் கை எட்ட வேண்டும். அந்த இடத்தில் நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் ஸ்டிக்கர்.

கேள்வி: ரோட்டில் ஓட்டும் போலோவில் இதே பேனல் வைத்தால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: சுவிட்சைவிட, அது எதை இயக்குகிறது என்பதுதான் கேள்வி. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல ராகம் பாடும் ஹாரனுக்கும் விதிகளில் இடமில்லை. இன்னொன்று, போலோ போன்ற வண்டியில் லைட்டுகளை கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. அந்த ஒயரைக் கடித்து இணைப்பு எடுத்தால் மீட்டரில் எச்சரிக்கை எரியும். தனி ஃப்யூஸ் லைன் எடுங்கள். மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர். டெஸ்ட் லேம்ப் முனையைக்கூட அதில் வைக்காதீர்கள்.