ஆக்சியோவுக்கு கோல்ட் எயார் இன்டேக் போட்டா இழுவை கூடுமா?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிட கார் ரொயோட்டா ஆக்சியோ 1500 சீசீ, சீவீரி எண்டுற ஓட்டோ கியர், ஹபரணை ரோட்டில கந்தளாய் தாண்டி லொறிய ஓவர்டேக் பண்ணேக்க இழுவை காணாதாம். ஒரு கடையில கோல்ட் எயார் இன்டேக் கிட், அதாவது எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காத்தக் குடுக்கிற குழாயும் ஃபில்டரும், ஒண்டக் காட்டி 10 குதிரை வலு கூடும், பெற்றோலும் மிச்சம் எண்டு சொல்லுறாங்களாம், போடலாமா எண்டு கேக்கிறார்.

போடாதீங்கோ தம்பி. ஏன் எண்டத கொஞ்சம் விளக்கமா சொல்லுறன், ஏனெண்டா கடைக்காரர் சொன்னதில பாதி உண்மை, அந்தப் பாதிய நம்பித்தான் ஆக்கள் காச விடுறது.

குளிர்ந்த காத்துக்கு அடர்த்தி கூட, அது சரி. அதே இடத்துக்குள்ள ஒட்சிசன் கூடப் போகும், ஈசியூவும் (எஞ்சினக் கட்டுப்படுத்திற கொம்பியூட்டர்) அதுக்கேத்த மாதிரி பெற்றோலக் கூட விடும், பவர் கூடும். கணக்குப் பாத்தா 10 டிகிரி குறைஞ்சா அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் கூடும். ஆனா உங்கட கார் இப்ப சூட்டுக் காத்தையா இழுக்குது? போனட்டத் திறந்து ஃபில்டர் பெட்டிக்குப் போற குழாயப் பிடிச்சுக்கொண்டே போய்ப் பாருங்கோ. ஜப்பான் கார் அனேகமானதில அது கிரில்லுக்குப் பின்னால, இல்லாட்டி மட்காட் பக்கமாப் போய்த் திறக்கும், வெளிக்காத்த எடுக்கத்தான் கொம்பனியே அப்பிடி வச்சிருக்கு. கண்ணால பாத்து நம்பிக்கை வரேல்லையெண்டா கார் கொம்பியூட்டர் சொல்லுறத போனில காட்டுற ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர கடன் வாங்கிக் குத்தி, கன்னியா பக்கம் ஒரே ஸ்பீட்டில பத்து நிமிசம் ஓடிட்டு, இன்டேக் காத்து எத்தினை டிகிரி எண்டு போன்ல பாருங்கோ. வெளியில 33, உள்ள 37 எண்டு காட்டினா நீங்கள் எந்தக் கிட் போட்டாலும் வெல்லக்கூடியது அந்த 4 டிகிரி மட்டும்தான். உங்கட எஞ்சின் புதுசில 110 குதிரை வலுவுக்குக் கிட்ட, அதில 1 வீதமும் சொச்சமும். ஓவர்டேக் பண்ணேக்க அது தெரியவே தெரியாது.

கடையில காட்டுற கிட்டில கனக்க என்னண்டா பெட்டியக் கழட்டிப்போட்டு ஒரு கோன் ஃபில்டர போனட்டுக்குள்ள திறந்தபடி விடுறது. பேருதான் கோல்ட் எயார், இழுக்கிறது எஞ்சின் சூட்ட. மத்தியான வெயிலில பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஊர்ந்து போகேக்குள்ள போனட்டுக்குள்ள 60 டிகிரி சும்மா வரும். 34 டிகிரி காத்தோட பாத்தா அடர்த்தி 8 வீதம் போல குறைவு, அதோட சூட்டுக் காத்துக்கு எஞ்சின் நொக் அடிக்கப் பாக்கும் (பெற்றோல் தாறுமாறா வெடிக்கிறது), ஈசியூ அதத் தடுக்க இக்னிஷன் டைமிங்க, அதாவது பிளக் பொறி அடிக்கிற நேரத்தப் பின்னுக்கு இழுக்கும், அதிலயும் பவர் போகும்.

இன்னொண்டு, இதப்பத்தி ஒருத்தரும் சொல்லுறேல்ல, எனக்கு இதுதான் பெரிய கவலை. உங்கட காரில ஃபில்டருக்குப் பின்னால ஒரு எயார் ஃப்ளோ சென்சர் இருக்கு, சூடான மெல்லிய கம்பி ஒண்டு, காத்து அதக் குளிராக்கிற அளவ வச்சுத்தான் எவ்வளவு காத்து வருது எண்டு ஈசியூ கணிக்கும். அந்தக் கணிப்பு கொம்பனிக் குழாயிட அகலத்துக்கு எண்டு செய்தது. கிட்டில வாற குழாய் அகலம் கூடினா காத்து அதில மெதுவாப் போகும், சென்சர் குறைச்சுக் காட்டும், பெற்றோலும் குறையும். மெதுவா ஓடேக்க புகைக் குழாயில இருக்கிற ஒட்சிசன் சென்சர் பாத்துத் திருத்திப்போடும், ஆனா முழுசா மிதிச்சு ஓவர்டேக் பண்ணேக்க அந்தத் திருத்தத்த முழுசா நம்பேலாது, எஞ்சினுக்கு பெற்றோல் தேவைப்படுற நேரம் பாத்துக் காணாமப் போகலாம். எண்ணெய் பூசின துணி ஃபில்டரெண்டா எண்ணெய் கூடினா அந்தக் கம்பியில போய்ப் படியும், பிறகு செக் எஞ்சின் லைட் எரியுது எண்டு கராஜுக்கு வருவீங்கள்.

பெற்றோல் மிச்சம் எண்டுறதும் சரி வராது. சாதாரணமா ஓடேக்க காத்தத் தடுக்கிறது த்ரொட்டில் தகடு (அக்சிலேட்டர மிதிக்கத் திறக்கிற தகடு), ஃபில்டர் இல்ல. அமெரிக்காவில ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009ல சோதிச்சுப் பாத்தது, இப்பத்த இன்ஜெக்ஷன் கார்களில ஃபில்டர் அடைச்சிருந்தாலும் பெற்றோல் செலவு மாறேல்ல, ஆனா வேகம் பிடிக்கிறது மட்டும் மந்தமாகிச்சு. அப்ப உங்கட பிரச்சினைக்கு முதல் மருந்து ஒரு புது பேப்பர் ஃபில்டர்!

போட்ட ஆக்கள் "வித்தியாசம் தெரியுது" எண்டு சொல்லுவினம், பொய்யில்ல, அவைக்குத் தெரியிறது சத்தம். கொம்பனிப் பெட்டியில காத்துச் சத்தத்த அடக்க ஒரு அறை இருக்கும், அதக் கழட்டினா எஞ்சின் உறுமும், உறுமினா வேகமாப் போற மாதிரி இருக்கும்.

எங்கட ஊருக்கு இன்னும் ரெண்டு விசயம் இருக்கு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில நிலாவெளிப் பக்கம் மணலும் தூசியும், மலிவு கோன் ஃபில்டர் நுண்ணிய தூசிய விட்டா ரிங்கும் சிலிண்டரும் தேய்ஞ்சு ஒயில் குடிக்கத் தொடங்கும். மாரியில வெள்ளம். உண்மையான கோல்ட் எயார் கிட் எண்டா வாய பம்பருக்குக் கீழ இறக்குவாங்கள், தேங்கின தண்ணிக்குள்ள விட்டா எஞ்சின் தண்ணிய இழுக்கும், தண்ணி அமுங்காது, பிஸ்டனத் தள்ளுற கொன்ரொட் கம்பி வளையும். அப்பிடி நிண்டா திருப்பி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், பிளக் கழட்டித் தண்ணிய எடுத்த பிறகுதான்.

டேர்போ கார் எண்டா கதை வேற, அதில நல்ல மூடின பெட்டிக் கிட்டும் ஈசியூ டியூனும் சேத்துப் போட்டா பலன் தெரியும், போட முன்னமும் பிறகும் டைனோவில (பவர் அளக்கிற மெசின்) ஏத்திப் பாக்கோணும்.

உங்கட காருக்கு இதச் செய்யுங்கோ. ஃபில்டர மாத்துங்கோ, த்ரொட்டில் பொடியக் கழுவுங்கோ, எயார் ஃப்ளோ சென்சர அதுக்கெண்டு விக்கிற ஸ்ப்ரேயால மட்டும் துப்புரவாக்குங்கோ, கார்பரேட்டர் கிளீனர் அடிச்சா பழுதாப்போம். பிளக் எத்தினை கிலோமீற்றர் ஓடினது எண்டு பாருங்கோ, ரயர் காத்தும் பாருங்கோ. கொஞ்சத் தூரம் ஓடிட்டு நாலு வீலுக்கும் கிட்ட கையக் கொண்டு போங்கோ, ஒண்டு மட்டும் கூடச் சுட்டா பிரேக் பிடிச்சபடி ஓடுது. சீவீரி ஒயில் மாத்தின திகதி தெரியாதெண்டா அதையும் கராஜில கேளுங்கோ, இழுவை போறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஓவர்டேக் எடுக்க முதல் ஏசிய நிப்பாட்டி, கியர் லீவரில எஸ் இருந்தா அதில போட்டு எஞ்சின் சுற்றக் கூட்டிக்கொண்டு எடுங்கோ. இவ்வளவும் செய்தும் மந்தமா இழுத்தா புகைக் குழாயில இருக்கிற கட்டலிட்டிக் கன்வேட்டர் (புகையச் சுத்தமாக்கிற பெட்டி) அடைச்சிருக்கா எண்டு பிரஷர் வச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, கிட்டுக்கு வச்ச காச அதுக்கு வச்சிருங்கோ.